பாலில்லாமல், முட்டையில்லாமல்

"பாக்க வெண்ணெய் மாதிரியே இருக்கேக்கா?"

உறைந்திருந்த தேங்காயெண்ணெயை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள் பெற்றவள்.

வளர்த்தவள் தலையசைத்தாள். எண்ணெயை மாவில் போட்டு, விரல் நுனியாலேயே உதிர்த்துக் காட்டினாள். உள்ளங்கை படக் கூடாது. கைச்சூடு பட்டால் எண்ணெய் உருகிவிடும். அப்புறம் பழம் அடுக்கும் மாவு ஓடு பொரபொரவென்று வராது, செருப்புத் தோல் மாதிரி இழுக்கும்.

பெற்றவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். உள்ளங்கை படக் கூடாது. அதன் கீழே இரண்டு கோடு.

அவளுக்கு ஓட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் வேலை. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல்கள் வெளிறிப் போயிருந்தன. அந்த விரல்களால் மாவைத் தட்டில் பரப்பி, ஓரங்களை அழுத்தி, முள்கரண்டியால் குத்தினாள். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், சரிதானா என்று.

சரியாகத்தான் செய்தாள். அதுதான் வளர்த்தவளுக்கு என்னவோ செய்தது.

வளர்த்தவள் தையல்காரி. தனிக்கட்டை. நான்கு வருடத்துக்கு முன், பெற்றவள் குடியில் விழுந்து கிடந்த நாளில், குழந்தைகள் நல அதிகாரி இரண்டு வயதுப் பெண்குழந்தையைக் கொண்டுவந்து இந்த வீட்டில் விட்டார். தாய் தேறி வரும்வரைக்கும்தான் என்று சொல்லித்தான் விட்டார். வளர்த்தவளும் தலையைத் தலையை ஆட்டினாள். தேறுவாள் என்று யார் கண்டது?

தேறிவிட்டாள். ஒன்றரை வருடமாக ஒரு சொட்டுத் தொடவில்லை.

குழந்தைக்குப் பால் ஆகாது, முட்டை ஆகாது. பிறந்தநாள் வந்தால் இந்தப் பழ டார்ட்தான். சமையல் புத்தகத்தில், பால் முட்டை எதுவும் சேராத வீகன் என்று போட்டிருந்தது. குழந்தை அதற்கு வைத்த பெயர் 'என் கேக்கு'.

இப்போது குழந்தை கூடத்தில் உட்கார்ந்து பொம்மைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இது வரும், இது இங்கேயே இருக்கும். இருக்கப்போகிறவற்றை வரிசையாகச் சாய்த்து வைத்து, அழக் கூடாது என்று விரலை ஆட்டி மிரட்டினாள்.

தாயையும் மகளையும் கூட்டிப்போக நான்கு மணிக்குக் கார் வரும்.

ஓடு வெந்துகொண்டிருக்கும்போது ஆரஞ்சுச் சாறும் தேங்காய்ப்பாலும் சோளமாவும் அடுப்பில் ஏறின. கிண்டிக்கொண்டே இருந்த பெற்றவளின் கை சட்டென்று நின்றது.

"போன தடவை மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்குக்கா."

போன தடவை என்றால் நான்கு மாதத்துக்கு முன். இரண்டு நாள் வைத்துப் பார்க்கட்டும் என்று அதிகாரி குழந்தையை அவளிடம் அனுப்பியிருந்தார். முதல் நாள் சாயங்காலமே முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரி. மூன்று நாள் ஆக்சிஜன். காரணம், அவள் ஆசையாக வாங்கி வைத்திருந்த பிஸ்கட். முன்பக்கம் 'முட்டையில்லாதது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினாளாம். ஆஸ்பத்திரி நடையில் தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். அதிகாரி எல்லாவற்றையும் தள்ளிப்போட்டார்.

"ஒரு பாக்கெட்டைப் படிச்சு வாங்கத் தெரியாத கழுதை நான். எல்லாரும் திட்டினாங்க. நீங்க ஒருத்தர்தான் தண்ணி கொடுத்தீங்க."

வளர்த்தவள் அடுப்பைத் தணித்தாள். "கை விடாம கிண்டு. அடி பிடிச்சிரும்."

ஆறியதும் ஓட்டில் ஊற்றி, மேலே திராட்சையையும் ஆப்பிளையும் அடுக்கினார்கள். பெற்றவள் ஒரு துண்டு வெட்டிக் குழந்தையிடம் நீட்டினாள். அது வாய்க்குள் போய், மென்று, விழுங்கி முடியும்வரை அவள் மூச்சே விடவில்லை.

குழந்தை விரலை நக்கிக்கொண்டு தையல்காரியைப் பார்த்தது. இத்தனை நாளும் வாரம் ஒரு தடவை வந்து பார்த்துப் போன பெற்றவளுக்கு அது வைத்திருந்த பெயர் ஞாயித்துக்கிழமை அம்மா.

"இனிமே நீதானே ஞாயித்துக்கிழமை அம்மா?"

"ஆமா" என்றாள் வளர்த்தவள்.

குழந்தை புது வீட்டில் ஒட்ட வேண்டும், ஒரு வருடத்துக்கு அந்தப் பக்கமே வர வேண்டாம் என்று அதிகாரி நேற்றே சொல்லியிருந்தார்.

கார் வந்தது. வாசலில் பெற்றவள் வளர்த்தவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மிச்ச டார்ட்டை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை கையாட்டியது. கார் தெருமுனை திரும்பியது.

வளர்த்தவள் உள்ளே வந்து மாவு சிந்திய மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மாதத்துக்கு முன், கூட்டிப்போக வந்த அன்று, பெற்றவள் தன் பையை இங்கே வைத்துவிட்டுக் குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிடக் கூடத்துக்குப் போயிருந்தாள். பை திறந்து கிடந்தது. மேலாகவே பிஸ்கட் பாக்கெட். வளர்த்தவள் எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தாள். பொடி எழுத்தில், கடைசி வரியில், பால் பவுடர்.

கொஞ்சம் தடிப்பு வரும், ராத்திரி முழுக்கச் சொறிவாள், இவளால் ஆகாது என்று அதிகாரி எழுதிவிடுவார். அவ்வளவுதான் நினைத்தாள்.

பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பையின் ஜிப்பை அவளேதான் இழுத்து மூடினாள்.