இடிக்க முடியாத சுவர்

"இந்தச் சுவர் எனக்குப் பிடிக்கல. இடிச்சிடுங்க" என்றார் மேடம்.

டிவியில் வாராவாரம் ஊரார் வீட்டுச் சுவர்களைச் சிரித்துக்கொண்டே இடிக்கும் டிசைனர், இந்த ஒரு சுவருக்கு மட்டும் தயங்கினார்.

"முடியாதுங்க மேடம். மொத்த வீடும் இது மேலதான் நிக்குது."

"டிவியில மட்டும் இடிக்கறீங்க?"

"அந்த வீடெல்லாம் வேற. வேணும்னா சமையலறைக்கு மஞ்சள் அடிச்சுத் தர்றேன்."

"பேச்சை மாத்தாதீங்க. ஆளுக்கொரு ரூம்ல படுத்தா அது வீடா, ஹோட்டலா?"



"சுவரை எழுப்பினது நான் மட்டும் இல்லையே மேடம். இன்னொருத்தரையும் கேட்கணும்."

"அப்ப கேளுங்க."

அழைப்பு மணி அடித்தது. டிசைனர் கதவைத் திறந்தார். பிரிந்து போன மனைவி. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் மகளை அழைத்துப் போக வருபவள், வழக்கம்போல வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"கிளம்பலாமாடி?"

ஏழு வயது மேடம் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. மடியில், ஷூ பெட்டியில் அப்பா செய்து கொடுத்த பொம்மை வீடு.

"டிசைனர் சொன்ன பேச்சு கேட்கலம்மா."

"என்னவாம்?" என்று மனைவி அவரைப் பார்த்தாள்.

"நடுச்சுவரை எடுத்துட்டு, அப்பா பொம்மையையும் அம்மா பொம்மையையும் ஒரே ரூம்ல வைக்கணுமாம்" என்றார், கட்டட அனுமதி கேட்கும் குரலில். "எனக்குச் சம்மதம். உன்னைக் கேட்காம செய்ய முடியாதுன்னு சொல்லிட்டேன்."

மனைவி வாசலிலிருந்தே பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"கத்தரிக்கோல் இன்னும் அதே டிராயர்லதானே இருக்கு?"