நாலாவது பாட்டிலிருந்து

"இன்னைக்கு அவனா நானான்னு பாத்துட்டு வரேன் மச்சான்" என்று போனில் சொல்லிக்கொண்டே, கடலூர் பஸ் ஸ்டாண்டை விட்டு நகரத் தொடங்கியிருந்த சிதம்பரம் பஸ்ஸில் தாவி ஏறினான் தேவசகாயம்.

மறுமுனையில் இளவரசு கத்தினான். "டேய், நம்ம ஆல்பத்த மூவாயிரம் பேரு கேட்டுருக்காங்க. அதுல எவனோ ஒருத்தன் சொன்னதுக்கா கடையச் சாத்திட்டுப் போற?"

தேவசகாயம் போனை வைத்தான். செம்மண்டலத்தில் அவனுக்கு டைல்ஸ் கடை. ஆனால் யாராவது என்ன தொழில் என்று கேட்டால், 'டிரம்ஸ் வாசிக்கிறேன்' என்றுதான் முதலில் வாயில் வரும்.

அவனும், கிட்டார் வாசிக்கும் இளவரசுவும், இன்னும் இரண்டு பேரும் சேர்ந்த 'முகத்துவாரம்' மெட்டல் இசைக்குழுவுக்குப் பன்னிரண்டு வயது. 'எட்டாம் நம்பர் கூண்டு' அவர்களுடைய இரண்டாவது ஆல்பம். பத்து நிமிடத்துக்குக் குறைந்த பாட்டு அதில் ஒன்றுகூடக் கிடையாது.

கம்ப்யூட்டரில் ஒரு அடியைக்கூடத் திருத்தாமல், வாசித்ததை வாசித்தபடியே வெளியிட்டிருந்தார்கள். தேவசகாயத்துக்கு அதில் தனிப் பெருமை.

ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆல்பத்துக்கு இணையத்தில் வந்திருந்த கமெண்டுகளை மறுபடி முதலிலிருந்து படித்தான்.

'பஸ்ஸுல கேட்டுக்கிட்டே போனேன். எறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டேன்' என்று ஒருவர். 'மூணாவது பாட்டு ஓடறப்ப வீட்டுக்காரம்மா ஓடி வந்து யாரை அடிக்கிறாங்கன்னு கேட்டாங்க. அஞ்சாவது பாட்டுக்கு அவங்களே சவுண்டக் கூட்டச் சொன்னாங்க' என்று இன்னொருவர். காடாம்புலியூரிலிருந்து ஒரு முந்திரி வியாபாரி, 'நீளம் ஜாஸ்திதான். ஆனா எங்க வெட்டறதுன்னு தெரியல' என்று எழுதியிருந்தார்.

அவற்றுக்குக் கீழே அது இருந்தது. 'செவி' என்ற பெயரில் யாரோ போட்டது.

'இவுங்க மொத ஆல்பத்த அம்பது தடவ கேட்டிருக்கேன். டிரம்மரோட இடது கை அதுல கடிகாரம் மாதிரி. இதுல நாலாவது பாட்டிலிருந்து இடது கை அடி ஒரு மயிரிழை பிந்தி விழுது. போகப் போக ஜாஸ்தியாவுது. கடைசிப் பாட்டுல நல்லாவே தெரியுது.'

அதற்கு நூற்று நாற்பது லைக். 'டிரம்மர மாத்துங்கப்பா' என்று அடியில் ஒருவன். அடுத்த மாதம் பெங்களூரில் அவர்களுக்குப் பெரிய மேடை. அதை ஏற்பாடு செய்தவர்கூட நேற்று போனில், "டிரம்ஸ் ஓகேதானே?" என்று கேட்டுவிட்டார்.

தேவசகாயம் பொறுக்க முடியாமல், 'தைரியம் இருந்தா நேர்ல சொல்லுடா' என்று எழுதினான். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. 'நேர்ல சொல்றதுதான் நல்லது. வாங்க. சிதம்பரம் தெற்கு வீதி, மங்கலம் ஜெராக்ஸ்.'

ஆலப்பாக்கம் தாண்டியதும் இயர்போனை மாட்டி நாலாவது பாட்டைக் கேட்டான். எதுவும் பிந்தவில்லை. திரும்பக் கேட்டான். ஒரு இடத்தில் நிறுத்தினான். அந்த இடத்தை மட்டும் தாண்டவிட்டு மேலே கேட்டான்.

புதுச்சத்திரம் வந்தபோது எரிச்சலோடு இயர்போனைப் பிடுங்கிப் பையில் திணித்தான். பாட்டு நின்ற பிறகும் தொடைமேல் இருந்த இடது கை தாளம் போட்டுக்கொண்டே வந்தது.

"மியூசிக் பார்ட்டியா சார்?" என்று பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். "ஆமா" என்று கையை மடக்கிக்கொண்டான்.

சிதம்பரத்தில் ஆட்டோவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. வேர்வையோடு கடைக்குள் நுழைந்தபோது, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மட்டும் காகிதக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"செவிங்கறது யாரு?"

"நான்தாண்ணா. வெண்மதி." அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க."

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசவுகளில் பாதி, ஒரு பெண்ணிடம் சொல்ல முடியாதவை. உட்கார்ந்துதான் பேச வேண்டியிருந்தது.

"ஏம்மா, பன்னெண்டு வருஷமா வாசிக்கிறேன். ரெக்கார்டிங்குல மைக் வச்சதுல கோளாறு. அன்னைக்குத் தூக்கமும் இல்ல. இது எதுவும் தெரியாம எழுதிட்டா ஆச்சா? குழுவ விட்டே என்னத் தூக்கப் பாக்கறீங்களா?"

"மைக்கும் இல்ல, தூக்கமும் இல்லண்ணா." வெண்மதி ஜெராக்ஸ் மிஷினை நிறுத்தினாள். கடை அமைதியானது. "தனியா மூணு மெசேஜ் அனுப்புனேன். நீங்க பாக்கல. அதான் எல்லாரும் பாக்கற எடத்துல போட்டேன். திட்டறதுக்காச்சும் வருவீங்கன்னு."

"நான் எதுக்கு வரணும்?"

"எங்கப்பா பேண்டு செட்டுல சைடு டிரம் அடிச்சவரு. அவரு இடது கை பிந்துதுன்னு மொதல்ல கண்டுபுடிச்சது நான்தான். தூங்கி வழியிறீங்கன்னு கிண்டல் பண்ணேன். ஒரு வருஷம் பூரா பண்ணேன்."

"அதுக்கு?" அவன் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"அப்புறம் ஒருநாள் சட்டப் பட்டன் போட முடியாம நின்னாருண்ணா. நடுக்குவாதம்னு அப்பதான் தெரிஞ்சுது."

வெண்மதி தேவசகாயத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மடியில் மறுபடி தாளம் போட்டுக்கொண்டிருந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களாண்ணா?"