மடியில் கிடந்த கை

"கைய அனக்கப்பிடாது, கேட்டீரா? செத்த மீன் மாதிரி கிடக்கணும்."

மூன்றாவது தடவையாகப் புருஷனின் காதில் ஓதினாள் இசபெல். பக்கவாதம் வந்த இந்த எட்டு மாதமாக ஞானதாசனுக்கு வார்த்தை வருவதே அபூர்வம். வலது கையை எடுத்து மடியில் அவளே வைத்துவிட்டாள்.

அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள். உள்ளே கூப்பிட்டுப் பார்த்து, ஊனம் எத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுப்பார்கள். கூட்டி எழுதினால் மாதாமாதம் உதவித்தொகை. குறைத்து எழுதினால் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்.

அந்தத் தொகை வந்தால் இசபெல் ஒரு நடையைக் குறைக்கலாம். விடிந்ததும் கடற்கரை ஏலம், பிறகு வடசேரிச் சந்தை, சாயங்காலம் மறுபடியும் மீன்கூடையோடு தெருத்தெருவாக. முழங்கால் இரண்டும் வீங்கிப்போய், சாயங்கால நடையை விட்டுவிடு என்று கெஞ்சுகின்றன.

யோசனை பக்கத்து வீட்டு ரெஜிலாவுடையது. அவளுடைய கொழுந்தனும் கை விழுந்து இப்படித்தான் வந்தான். நல்ல மரியாதைக்காரன். உள்ளே நுழைந்ததும் டாக்டரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு போட்டான். கதை முடிந்தது. அதைச் சொல்லிச் சொல்லி ரெஜிலா இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

ஞானதாசனின் கையும் இப்போது பாதி தேறிவிட்டது. தூக்கும், பிடிக்கும், விரல்தான் சொன்ன பேச்சு கேட்காது. அந்தப் பாதியைத்தான் இன்று ஒளித்துவைக்க வேண்டும்.

பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசுதான். கையைத் தூக்கச் சொன்னார். ஞானதாசன் தூக்கவில்லை. பேனாவை நீட்டினார். ஞானதாசன் பிடிக்கவில்லை. நகத்தில் அழுத்திப் பார்த்தார். மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இசபெலுக்கே சந்தேகம் வந்துவிட்டது, நிஜமாகவே கை போய்விட்டதோ என்று. மாதாவே, பொய்யைச் சொல்லிக்கொடுத்த எனக்கு என்ன வேண்டுமானாலும் வரட்டும், அந்தக் கைக்கு ஒன்றும் வரவேண்டாம்.

"வீட்டுல பயிற்சி ஏதாவது கொடுக்கிறீங்களாம்மா?"

"எங்க டாக்டரே, அதுக்கெல்லாம் ஆருக்கு நேரம்?"

டாக்டரம்மா எண்பது என்று எழுதினார். தலைகீழாகப் பார்த்தும் அந்த எட்டும் சைபரும் இசபெலுக்குத் தெளிவாகத் தெரிந்தன. அப்பாடா.

பக்கத்தில் இருந்த உதவியாளப் பெண் பழைய சீட்டுகளையெல்லாம் கோப்பில் அடுக்கி, நாடாவை ஏனோதானோவென்று கட்டி ஞானதாசன் முன்னால் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் நாடா அவிழ்ந்தது. ஸ்கேன் படமும் சீட்டுகளும் மேசை விளிம்பில் சரிந்தன.

மடியில் கிடந்த கை எழுந்தது.

இடது கை கோப்பை அமுக்கிப் பிடிக்க, வலது கை நாடாவைப் பற்றியது. கட்டைவிரல் நடுங்கியது. ஒருதரம் நழுவியது. அவர் விடவில்லை. வளையம் போட்டு, நுனியை உள்ளே நுழைத்து, இழுத்து இறுக்கினார். முப்பது வருஷம் ஆழ்கடலில் தூண்டில் போட்டவரின் முடிச்சு.

"இதெல்லாம் ஒரு கெட்டா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார், குழறலாக, ஆனால் நல்ல ஏளனத்தோடு.

அட கிறுக்கு மனுஷா! இசபெலுக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை.

தினமும் ஏலத்துக்கு ஓடுவதற்கு முன்னால் அரை மணி நேரம், தங்கூசி என்கிற நைலான் நரம்பும் முனை மழுக்கிய தூண்டிலுமாக அவர் எதிரில் உட்காருவாள். அந்தக் கடற்கரையில் அவளைப் போலப் பொறுமையில்லாத வெப்ராளக்காரி கிடையாது. அந்த அரை மணி மட்டும் வாயைத் திறக்காமல், உதவிக்குக் கையைக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். முடிச்சை இறுக்குகிற நேரத்தில் அவர் விரல் சுருண்டுவிடும். அவர் எல்லாவற்றையும் விட்டெறிவார். அவள் பொறுக்கிக்கொண்டு வந்து திரும்பவும் கொடுப்பாள். ஒரு நாள் விட்டதில்லை, பெரிய வெள்ளியன்றுகூட.

ஒரு நாள்கூட முடிச்சு விழுந்ததில்லை. எட்டு மாதத்தில் இதுதான் முதல்.

டாக்டரம்மா முடிச்சைப் பார்த்தார். இசபெலின் வீங்கிய காலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சில நேரம் கை தானா துள்ளும், நம்ம கட்டுப்பாட்டுல இல்லாம. இதுவும் அப்படித்தானேம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். எண்பது எண்பதாகவே இருக்கும். சாயங்காலம் கூடையைத் தூக்க வேண்டாம்.

ஞானதாசன் இசபெலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தியா, பார்த்தியா என்று கேட்கிற முகம். அந்த முகத்துக்கு முன்னால், அது தானாகத் துள்ளியது என்று எந்த வாயால் சொல்வது?

"இல்ல டாக்டரே," என்றாள். "நாந்தான் பழக்குனேன்."

பேனா கீறும் சத்தம் கேட்டது. இசபெல் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கோப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்து, நாடாவின் நுனியை அவர் விரல்களுக்கிடையில் வைத்தாள்.

"இன்னொருக்க கெட்டும்," என்றாள். "மெதுவா."