ஒரே நாளிலா, ஒவ்வொன்றாகவா?

“சாரோட மூளைக்கு ரத்தம் கொண்டுபோற மூணு குழாய் சுருங்கியிருக்கு,” என்று ஸ்யாமளாவிடம் சொன்னாள் டாக்டர் சுஷ்மா. “மூணுலயும் ஒரே நாள்ல ஸ்டென்ட் வச்சா, ரத்தம் திடீர்னு பாய்ஞ்சு மூளையில கசியலாம். ஒவ்வொண்ணா வச்சா, அடுத்ததுக்குக் காத்திருக்கிறப்பவே பக்கவாதம் வந்துரலாம்.”

“எது பாதுகாப்பு?”

“உறுதியாச் சொல்ல முடியலை. நீங்கதான் முடிவு பண்ணணும்.”

கட்டிலில் படுத்திருந்த சீதாராமன் மனைவி ஸ்யாமளாவின் கையைப் பிடித்தார்.

“கோச்சடைப் பிள்ளையார் முன்னாடி பூக்கட்டிப் போட்டுப் பாரு. வெள்ளைப் பூ வந்தா ஒரே நாள்ல, சிவப்பு வந்தா ஒவ்வொண்ணா.”

சுஷ்மா திகைத்துப்போனாள்.

“பூக்கட்டிப் பார்த்துட்டு வாரோம்னு சொல்றவங்களை இதே வார்டுலதானே சார் அப்படித் திட்டுவீங்க? உங்ககிட்டதானே நான் இந்த வேலையையே கத்துக்கிட்டேன்?”

“திட்டுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட நான் என்ன சொல்லியிருப்பேன்?”

சுஷ்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீங்கதான் முடிவு பண்ணணும்னு சொல்லியிருப்பீங்க சார்.”

சீதாராமன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“நடை சாத்துறதுக்குள்ள போயிட்டு வந்துரு, ஸ்யாமளா.”