மூன்றாம் வகுப்பில் ஓர் இடம்

"இப்போதைக்கு இவளை என் வகுப்புல சேர்த்துக்க முடியாது மேடம்" என்றாள் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

சிட்டுவின் அம்மா படியேறி இறங்கிய ஐந்தாவது பள்ளிக்கூடம் இது. ஐந்து நிமிஷத்துக்கு முன்புதான் தலைமையாசிரியை, "ஆட்டிசம் இருந்தா என்னம்மா, எல்லாம் நம்ம குழந்தைங்கதான்" என்று வயிற்றில் பால் வார்த்திருந்தார்.

சிட்டு இது எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜன்னல் வெயிலில் தூசுகள் மிதப்பதைப் பார்த்தபடி, ஒரே சுரத்தில் முனகிக்கொண்டு நின்றாள். எட்டு வயது. அவள் ஒன்றைப் பார்க்கத் தொடங்கிவிட்டால் அந்த இடமே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் அமைதியாகிவிடும். எத்தனையோ மத்தியானங்கள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அம்மாவும் அந்த அமைதிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

டீச்சர் விடுவதாக இல்லை. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வாளா, பயந்தால் எந்தப் பக்கம் ஓடுவாள், எதைத் தொட்டால் அழுவாள் என்று துருவித் துருவிக் கேட்டாள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் மாதிரி அம்மா பதில் சொன்னாள்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு டீச்சர் தலைமையாசிரியை பக்கம் திரும்பினாள். தன் வகுப்பு மாடியில், மணியை ஒட்டி இருக்கிறது. ட்யூப் லைட் நாள் முழுக்க ரீங்காரம் போடுகிறது. நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குத் தான் ஒருத்திதான். இதெல்லாம் மாறுகிறவரை இவள் பேரைப் பதிவேட்டில் ஏற்ற மாட்டேன் என்றாள்.

"அதெல்லாம் போகப் போகப் பாத்துக்கலாமே" என்று தலைமையாசிரியை நயமாகச் சொல்லிப் பார்த்தார். டீச்சர் மசியவில்லை.

வீட்டுக்கு வந்தும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. அந்த டீச்சருக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று கணவனிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அடுத்த பத்து நாளும் தூக்கத்தில் நடப்பதுபோல் கழிந்தன. சிட்டு மட்டும் கிண்ணத்துத் தண்ணீரை வெயிலில் வைத்து, கூரையில் நெளியும் வெளிச்சத்தோடு சினேகமாக இருந்தாள்.

பதினோராம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

மூன்றாம் வகுப்பு கீழே, கடைசி அறைக்கு வந்திருந்தது. அகலமான ஜன்னல்கள்; விளக்கே தேவைப்படவில்லை. ஒரு மூலையில் திரை கட்டி, மனசு கலங்கினால் ஒதுங்கிக்கொள்ள ஒரு பாய். உதவிக்குப் புதிதாக ஒரு பெண்.

சிட்டு உள்ளே போனாள். சுவரில் இலைநிழல்கள் ஆடின. அவற்றின் அருகில் உட்கார்ந்து முனகத் தொடங்கினாள். பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி எழுதக் குனிந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. வெயில் அறைக்குள் மெல்ல நகர்ந்தது. அம்மா நேரம் போனதே தெரியாமல் வாசலில் நின்றாள்.

பிறகு ஓடிப்போய்த் தலைமையாசிரியைக்குக் கைகூப்பினாள். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்று அவர் பெருமையோடு ஏற்றுக்கொண்டார்.

இடைவேளையில் டீச்சர் வெளியே வந்தாள். அம்மாவால் நாக்கை அடக்க முடியவில்லை.

"நீங்க வேண்டாம்னீங்க. மேடம் மனசு வச்சாங்க, இடம் கிடைச்சுது."

டீச்சர் தணிந்த குரலில் சொன்னாள்.

"சேர்த்த பிறகு கேட்டா ஒண்ணும் நடக்காதும்மா. நாளைக்கு, அடுத்த மாசம்னு இழுத்தடிப்பாங்க. எல்லாக் குழந்தைகளுக்கும் இங்க இடம் உண்டுன்னு வாசல்ல போர்டு வச்சிருக்காங்க. ஒரு குழந்தை வெளியே நிக்கற வரைக்கும்தான் அந்த போர்டு அவங்களை உறுத்தும்."

அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. இந்த விவரமெல்லாம் எப்படித் தெரியும் என்று மெதுவாகக் கேட்டாள்.

டீச்சர் ஜன்னல் வழியே சிட்டுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பையனை ஒரு பள்ளிக்கூடத்துல, போன அன்னைக்கே ஒரு கேள்வியும் கேக்காம அன்பா சேர்த்துக்கிட்டாங்க. மூணு வருஷம் கடைசி பெஞ்சுல சும்மாவே உக்காந்திருந்தான்."