சட்டையில் தெளித்த கள்ளு

மகள் ரமணியைப் பெண் பார்க்க வரும் நேரத்தில், கணவர் பரஞ்சோதியின் சட்டையில் கள்ளைத் தெளித்தாள் பிரேமாவதி.

“நான் குடிக்கிறதே இல்லையே!” என்றார் அவர். கைகால்கள் தானாக ஆடின.

“பேசாம இருங்க லா. இது பரம்பரை நரம்பு நோய், ஜீன்ல வருது, பிள்ளைக்கும் இறங்கலாம்னு டாக்டர் சொன்னது தெரிஞ்சா ரமணிய யாரு கட்டுவா? குடிகாரன் மகளுக்கு இந்த எஸ்டேட்டுல மாப்பிள்ளையா இல்ல?”

மாப்பிள்ளையின் அப்பாவும் தள்ளாடியே வந்தார். சட்டையில் கள்ளு நாறியது.

“எங்க வீட்டுலயும் ஓயாத குடிதான்க்கா,” என்று சிரித்தாள் மாப்பிள்ளையின் அம்மா.

நிம்மதியோடு மாப்பிள்ளையின் அப்பாவிடம் தேநீர் நீட்டக் குனிந்தாள் பிரேமாவதி. அவர் வாயில் கள்ளு வாசமே இல்லை.

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எதிரே, பரஞ்சோதியிடம் வெற்றிலைத் தட்டை நீட்டக் குனிந்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவும் அப்போதுதான் நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.