கிணறு வெட்டிய இடம்

மயிலாப்பூர் வக்கீல் வீட்டு ரோஜாத் தோட்டத்தில் மரியதாஸ் இருபதடி தோண்டியதும் தண்ணீர் சுரந்தது. மறுநாளே சர்க்கார் அதிகாரி வந்து நாடாவைப் போட்டு ஆழத்தை அளந்தார்.

மரியதாஸ் ஈரத் துண்டோடு அவரிடம் போய் நின்றான்.

"ஆலஞ்சேரியில இந்த வக்கீல் ஐயா நெலத்தைத்தான் குத்தகைக்கு உழுறேன், எசமான். கெணறு இல்லாம நெல்லு கருகிப்பூடுச்சு. மானியம் கேட்டு மூணு வருசமாச்சு. அதான் இங்க வந்து மண்ணு வெட்டிக்கினு கீறேன்."

"எல்லாம் முறைப்படி வரும்ப்பா. இப்போ இதுல சாட்சிக் கைநாட்டு வை" என்று அதிகாரி ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார்.

வக்கீல் மீசைக்குள் சிரித்தபடி மைப்பெட்டியை நீட்டினார். மரியதாஸ் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

'அதிக உணவு உற்பத்தித் திட்டம். ஆலஞ்சேரி கிராமம். நெல் பாசனக் கிணறு வெட்டி முடிந்தது. மானியம் பெறுபவர்...' அதற்கு நேரே வக்கீலின் பெயர் இருந்தது.

"என்னடா முழிக்கிறே? கட்டைவிரலை வை" என்றார் வக்கீல்.

"பேனா குடுங்க, ஐயா."

நாற்பது வயதுக்கு மேல் மாதா கோயில் பள்ளியில் கற்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்தி எழுதினான்:

'கிணறு மயிலாப்பூரில் இருக்கிறது. தண்ணீர் ரோஜாவுக்கு. வெட்டியவன் ஆலஞ்சேரி மரியதாஸ்.'